ஒரே கருவி மூவருக்கும் போதுமா: டேப்பா, இ-ரீடரா?

கேள்வியின் சுருக்கம் இது. வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம். மகள் தினமும் இரணியலில் ரயில் ஏறி திருவனந்தபுரத்துக் கல்லூரிக்குப் போய் வருகிறாள். உயிரியல் பாடம், எல்லாமே பிடிஎஃப்பாகத்தான் வருகிறது. மகன் பத்தாம் வகுப்பு. நன்றாக வரைகிறான், இப்போது போனில் விரலால் வரைகிறான். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தமிழும் மலையாளமும் வாசிப்பார், அச்சுப் புத்தகத்தின் எழுத்து இப்போது கண்ணுக்குப் பிடிபடவில்லை. கையில் நாற்பதாயிரம் ரூபாய். ஓர் ஐபேட் வாங்கினால் மூவருக்கும் ஆகுமா, இல்லை புத்தகம் வாசிக்க மட்டுமான இ-ரீடர், அதாவது அமேசானின் கிண்டில், தனியாக வேண்டுமா?

ஆகாது. ஐபேட் நல்ல கருவிதான். ஆனால் மகளுக்கு வேண்டியது பெரிய வண்ணப் பக்கம், மகனுக்கு வேண்டியது அழுத்தம் உணரும் பேனா, அம்மாவுக்கு வேண்டியது கனமில்லாத, கண் கூசாத எழுத்து. முதல் இரண்டும் ஒரே கருவியில் சேரும். மூன்றாவது சேராது. அதனால் பேனா பெட்டியிலேயே வரும் பத்து, பதினோரு அங்குல ஆண்ட்ராய்டு டேப் ஒன்றைப் பிள்ளைகளுக்கும், மிச்சப் பணத்தில் நல்ல நிலையில் உள்ள பழைய கிண்டில் ஒன்றை அம்மாவுக்கும் வாங்குங்கள். கடையில் ராம், ஸ்டோரேஜ், கேமரா என்று அடுக்குவார்கள். உங்கள் வீட்டுக்கு முடிவைச் சொல்லப்போவது அவை அல்ல: படிக்கப்போகும் கோப்பு எந்த வகை, பேனா எந்த வகை என்ற இரண்டும்தான்.

முதலில் திரை. இ-ரீடரின் திரையில் நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலத்தின் திசை மாறினால் கறுப்பு மேலே வரும், இன்னொரு திசையில் வெள்ளை மேலே வரும். வந்த துகள் அங்கேயே நிற்கும். நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். பெரும்பாலும் பக்கம் புரட்டும்போதும் முன்விளக்கு எரியும்போதும்தான் பேட்டரி குறையும். 'பன்னிரண்டு வாரம் நிற்கும்' என்று கம்பெனி சொல்வது ஒரு நாளைக்கு அரை மணி நேர வாசிப்புக் கணக்கில். அம்மா தினமும் மூன்று மணி நேரம் வாசித்தால் ஆறில் ஒரு பங்கு, அதாவது இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பெரிய விஷயம். டேப் எட்டு முதல் பத்து மணி நேரத்தில் படுத்துவிடும்.

இந்தத் திரை வெளிச்சத்தை உமிழாது, காகிதம் மாதிரி விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். சங்குத்துறைக் கடற்கரையின் நடுப்பகல் வெயிலில் டேப்பைத் திறந்தால் உங்கள் முகம்தான் தெரியும், கிண்டிலில் எழுத்து இன்னும் தெளிவாகும். ஆனால் துகள்கள் நகர்ந்து நிற்க நேரம் பிடிப்பதால் இந்தத் திரை மெதுவானது. ஓடும் படம் காட்டாது, விரலால் தள்ளித் தள்ளிப் படிக்க ஒத்துவராது, முந்திய பக்கத்தின் நிழல் லேசாகத் தங்கும். நிழல் தங்குவது பழுதல்ல. அமைப்பில் 'ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுப்பி' என்பதைப் போட்டுவிட்டால் போய்விடும். புரட்டும்போது திரை ஒருமுறை கறுத்து மீளும், அவ்வளவுதான்.

இனி மகளின் பிடிஎஃப். பிடிஎஃப் என்பது அச்சுக்குத் தயாரான ஒரு தாள். அதில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, தாளையே பெரிதாக்க வேண்டும். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், அகலம் 210. ஏழு அங்குல கிண்டில் பேப்பர்வைட் திரையின் உயரம் சுமார் 142 மில்லிமீட்டர். முழுப் பக்கத்தையும் அதில் காட்டினால் 48 விழுக்காட்டுக்குச் சுருங்கும். 12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து 6 புள்ளிக்கும் கீழே போகும். ஆறு அங்குலத் திரையில் அதுவே 5 புள்ளி. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளின் எழுத்து அளவு அது. பெரிதாக்கி நகர்த்திப் படிக்கலாம் என்றால், ஒவ்வொரு நகர்வுக்கும் திரை தயங்கித் தயங்கி மாறும். இரண்டு பாடம் முடிவதற்குள் கருவி அலமாரிக்குப் போய்விடும்.

டேப்பில் இதே கணக்கைப் பாருங்கள். 16:10 விகிதத்தில் உள்ள பதினோரு அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 148 மில்லிமீட்டர். ஏ4 தாள் 70 விழுக்காட்டில் வரும். ஐபேட் திரை சற்று அகலமானது, அதில் 75. தாளின் நான்கு பக்க வெள்ளை ஓரத்தையும் வெட்டிவிட்டால் இன்னும் பத்துப் பதினைந்து விழுக்காடு கூடும். 12 புள்ளி எழுத்து 10-ஐத் தொடும். வாசிப்புச் செயலிகள் பலவற்றில் ஓரம் வெட்டும் வசதி இருக்கிறது, தேடிப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கணக்கில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கும்போது, பாடத்துக்கு எட்டு அங்குல டேப் வாங்குவதும் வீண்தான்.

உயிரியல் என்பதால் வண்ணமும் முக்கியம். தமனி சிவப்பு, சிரை நீலம் என்று வரைந்த இதயப் படம் கறுப்பு வெள்ளை இ-ரீடரில் இரண்டும் ஒரே சாம்பலாக வரும். வண்ண இ-ரீடர்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பரவலான கெலிடோ 3 திரையில் எழுத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணத்துக்கு 150 புள்ளிதான். மேலே வண்ண வடிகட்டி ஒட்டியிருப்பதால் பின்னணி வெள்ளையாக இராது, மங்கல் சாம்பலாக இருக்கும். பகலிலும் முன்விளக்கு தேவைப்படும். படக்கதை அட்டை பார்க்கப் போதும், பாடப்படத்துக்குப் போதாது.

சரி, பத்து அங்குல இ-ரீடரில் பேனாவால் குறிப்பெடுக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். எழுத நன்றாகவே இருக்கும், காகிதத்தில் எழுதும் உரசல்கூடக் கிடைக்கும். ஆனால் அந்தக் கருவிகளின் விலையில் நல்ல டேப் ஒன்றும் பேனாவும் வாங்கிவிடலாம். வகுப்பு வீடியோ ஓடாது. பழுதானால் பக்கத்தில் பார்க்க ஆள் இல்லை. முழுநேர ஆராய்ச்சியாளர், நீதிமன்றத் தாள்களை நாள் முழுக்க வாசிக்கும் வழக்கறிஞர், இப்படிப்பட்டவர்களுக்கு அந்தப் பணம் தகும். ஒரே கருவியில் வீடியோவும் பாடமும் குறிப்பும் வேண்டிய மாணவிக்குத் தகாது.

மகள் டேப்பைப் பயன்படுத்தும் முறை பற்றி ஒன்று. திரையை இரண்டாகப் பிரித்து ஒருபுறம் பாடம், மறுபுறம் குறிப்பு என்று வைத்துக்கொள்வதுதான் டேப்பின் உண்மையான லாபம். 4 ஜிபி ராமில் இது தடுமாறும். பெரிய பிடிஎஃப்பைத் திறந்துகொண்டு வீடியோவுக்குப் போய் வந்தால் கோப்பு முதல் பக்கத்திலிருந்து மறுபடி திறக்கும். 6 ஜிபி இருந்தால் நிம்மதி. 128 ஜிபிக்குக் குறைந்து எடுக்க வேண்டாம். சிம் போடும் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணமும் தேவையில்லை, போன் ஹாட்ஸ்பாட் போதும். குழித்துறைக்கும் பாறசாலைக்கும் நடுவில் சிக்னல் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், வீட்டிலேயே பாடத்தை இறக்கி வைத்துவிட வேண்டும். கையால் எழுதும் குறிப்புகள் அந்தந்தச் செயலியின் சொந்த வடிவில் கிடக்கும். கருவி போனால் அவையும் போகும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்து கூகுள் டிரைவில் போடச் சொல்லுங்கள், 15 ஜிபி இலவசம். தமிழில் தட்டச்சுத் தெரியாவிட்டாலும் கூகுளின் ஜிபோர்டில் தமிழ்க் கையெழுத்துப் பட்டையைச் சேர்த்துப் பேனாவால் எழுதினால் எழுத்தாக மாற்றித் தரும். தேடல், சிறு குறிப்பு இவற்றுக்கு மிக வசதி.

மகனின் படத்துக்கு வருகிறேன். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பேனாக்கள் மூன்று வகை. முதலாவது, 'எல்லா டேப்பிலும் வேலை செய்யும்' என்று சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஸ்டைலஸ். அது விரலுக்குப் பதில் ஒரு குச்சி. அழுத்தினால் கோடு தடிக்காது, உள்ளங்கை பட்டால் அதுவும் கோடு போடும். பத்தாயிரம் ரூபாய் டேப்போடு 'பேனா இலவசம்' என்று தருவது பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டாவது, பேனாவுக்குள் பேட்டரி வைத்துத் திரையோடு பேசும் வகை. ஆப்பிள் பென்சில் இதில் சேரும். மூன்றாவது, வேக்கம் கம்பெனி வளர்த்த மின்காந்த முறை; சாம்சங்கின் எஸ் பென் இதுதான். திரைக்கு அடியில் கம்பிச்சுருள் பலகை ஒன்று இருக்கும். அது உண்டாக்கும் புலத்திலிருந்தே பேனா தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்ளும், வரைவதற்குப் பேனாவில் பேட்டரி தேவையே இல்லை. சார்ஜ் தீர்ந்து வரைவது நின்றது என்ற பேச்சே இல்லை. பள்ளிப் பையனுக்கு இது பெரிய அனுகூலம்.

அந்தச் சுருள் பலகை இல்லாத டேப்பில் எஸ் பென் வேலை செய்யாது. சாம்சங்கிலேயே டேப் ஏ9 பிளஸ்ஸில் அது கிடையாது; டேப் எஸ்6 லைட், எஸ்10 லைட் போன்றவற்றில் உண்டு, பேனாவும் பெட்டியிலேயே வரும். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கடைக்காரர் 'பேனா தனியாக வாங்கிக்கொள்ளலாம்' என்றால் அந்த மாடலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஐபேட் பக்கம் இன்னொரு சிக்கல். 2025-இல் வந்த சாதாரண ஐபேட்டின் அறிமுக விலை 34,900 ரூபாய். அதற்கு முதல் தலைமுறை ஆப்பிள் பென்சிலும் யூஎஸ்பி-சி பென்சிலும் பொருந்தும். யூஎஸ்பி-சி பென்சில் விலை குறைவு, பார்க்கவும் அழகு, ஆனால் அதற்கு அழுத்த உணர்வு கிடையாது. எழுதப் போதும், வரையப் போதாது. வரைய வேண்டுமானால் முதல் தலைமுறைப் பென்சில் வாங்க வேண்டும், அதைச் சார்ஜ் ஏற்ற ஒரு சிறிய இணைப்பானும் தேவை. அப்போது உங்கள் நாற்பதாயிரம் தாண்டிவிடும், அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. புரோகிரியேட் என்ற வரைகலைச் செயலி ஐபேட்டில் மட்டும்தான் உண்டு என்பது உண்மை. ஒருமுறை காசு கொடுத்தால் போதும், அருமையான செயலி. ஆனால் பத்தாம் வகுப்பில் அதற்காகவே ஐபேட் வாங்க வேண்டியதில்லை. கிரிட்டா ஆண்ட்ராய்டு டேப்பில் இலவசம். ஐபிஸ் பெயின்ட், இன்ஃபினிட் பெயின்டர் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்கு (லேயர்), முகமூடி (மாஸ்க்), கலப்பு முறை எல்லாம் அவற்றிலேயே கற்றுக்கொள்ளலாம்.

கடையில் பேனாவைச் சோதிக்க ஐந்து நிமிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஓர் அளவுகோலைத் திரையில் சாய்வாக வைத்து, பேனாவை மிக மெதுவாக இழுங்கள். கோடு நேராக வர வேண்டும். மட்டமான உணரியில் கோடு மாடிப்படி மாதிரி அலையும். வேகமாக இழுத்தால் எல்லாக் கருவியிலும் நேராகத்தான் வரும், அதனால் மெதுவாக இழுப்பதுதான் சோதனை. அடுத்து, காற்றுப்படுவது போலத் தொடங்கி அழுத்திக்கொண்டே போங்கள். கோடு மெலிந்து தொடங்கிச் சீராகத் தடிக்க வேண்டும், திடீரென்று தாவக் கூடாது. பிறகு உள்ளங்கையைத் திரையில் ஊன்றிக்கொண்டு 'ஞ', 'ணை', 'ழ' என்று சிறிதாக எழுதிப் பாருங்கள். சுழி மூடிக்கொண்டாலோ, முனை வெட்டுப்பட்டாலோ அந்தத் திரை உங்கள் கையின் வேகத்துக்கு வரவில்லை என்று பொருள்.

வாங்கிய பிறகு வரும் புகார்களில் பாதிக்குக் காரணம் கருவி அல்ல. திரையின் ஒரு மூலையில் மட்டும் கோடு விலகுகிறதா? கவரைக் கழற்றிவிட்டு வரையுங்கள். கவரின் காந்தம் மின்காந்தப் பேனாவின் புலத்தைக் குலைக்கும். முக்கியமாகக் கவரைப் பின்னால் மடக்கி வைத்து வரையும்போது. சார்ஜ் ஏறும்போது மட்டும் கோடு நடுங்கி, தொடாமலே திரை தொட்டதுபோல் குதிக்கிறதா? மலிவான இரட்டைப் பின் சார்ஜரின் மின் இரைச்சல் அது. நல்ல சார்ஜருக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வரையட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் கை வியர்த்துத் திரையில் ஒட்டும், பேனா வழுக்காமல் இழுபடும். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் வரைகலைக் கையுறை நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அது தீர்த்துவிடும். காகித உணர்வு தரும் மேட் ஒட்டியும் பலர் போடுகிறார்கள். வரைய இதம்தான், ஆனால் படம் சற்று மங்கும், பேனா முனை சீக்கிரம் தேயும். மகளும் அதே திரையில் படிக்கப்போவதால் வேண்டாம் என்பேன்.

கோப்பின் அளவையும் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். டிஜிட்டல் அச்சுக் கடைகளில் வழக்கமான தாள் 12×18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அது 3600×5400, அதாவது ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 78 எம்பி நினைவகம். இருபது அடுக்கு போட்டால் ஒன்றரை ஜிபி. 4 ஜிபி ராம் உள்ள டேப்பில் சிஸ்டமே பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால் செயலி திடீரென்று மூடிக்கொள்ளும், வரைந்தது போகும். பழகும்போது ஏ4 அளவு, 2480×3508 போதும். அடுக்குக்கு 35 எம்பிதான். படத்தைச் சின்ன அளவில் வரைந்துவிட்டு அச்சுக்கு முன் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் மங்கும், அதனால் அச்சுக்குப் போகும் படம் என்றால் தொடக்கத்திலேயே பெரிய அளவு, குறைந்த அடுக்கு. இன்னொன்று: திரையில் மின்னும் பச்சையும் நீலமும் அச்சு மையில் அப்படியே வராது. முதல் அச்சில் படம் மங்கிவிட்டது என்று மனம் உடைந்துவிடக் கூடாது. ஒரு சிறு மாதிரி அச்சடித்துப் பார்த்து நிறத்தைத் திருத்துவதுதான் எல்லோரும் செய்வது.

மகள் டேப்பைக் கல்லூரிக்கு எடுத்துப் போய்விட்டால் மகனுக்கு மாலை மட்டும்தான் கிடைக்கும். அது சண்டையாகும் என்று தோன்றினால் வேறு வழி இருக்கிறது. திரை இல்லாத பேனாப் பலகைகளை ஹூயான், எக்ஸ்பி-பென் போன்ற கம்பெனிகள் விற்கின்றன; தொடக்க நிலைப் பலகை மூவாயிரம், நாலாயிரம் ரூபாயில் வரும். அதிலும் மின்காந்தப் பேனா, அழுத்த உணர்வு எல்லாம் உண்டு. கம்ப்யூட்டரிலோ, ஓடிஜி என்ற இணைப்பு வழியாகப் போனிலோ சேர்க்கலாம். பலகையில் வரைந்துகொண்டு திரையைப் பார்க்கும் பழக்கம் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், பிறகு கைவந்துவிடும். வாங்குமுன் உங்கள் போன் மாடல் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். போனை நிமிர்த்தி வைத்தால் பலகையின் ஒரு பகுதி மட்டும் வேலை செய்யும், அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இனி அம்மா. அவருக்கு வேண்டிய எல்லாவற்றையும் இ-ரீடர் செய்யும், டேப் செய்யாது. ஏழு அங்குல கிண்டிலின் எடை சுமார் 210 கிராம், டேப் அரைக் கிலோவை ஒட்டி. சாய்வு நாற்காலியில் ஒரு கையில் பிடித்து ஒரு மணி நேரம் வாசிக்கும்போது அந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும். கிண்டில் கடையில் 2016 டிசம்பரில் தமிழும் மலையாளமும் ஒன்றாகவே வந்தன, அதனால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து இருமொழி வாசகர்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் மூன்று நான்கு சொல்தான் நிற்கும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் இருபுறமும் சமமாக நிறுத்தும் அமைப்பில் நடுவில் பெரிய ஓட்டைகள் விழும். அமைப்பில் இடப்பக்கம் மட்டும் நேர்செய்வதைப் போடுங்கள், வரி இடைவெளியை ஒரு படி கூட்டுங்கள். வாசிப்பு உடனே லகுவாகும்.

இலவசமாகப் படிக்க நிறைய இருக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஃப்ரீதமிழ்இபுக்ஸ், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். முதல் இரண்டிலும் எழுத்தாகவே கோப்பு கிடைக்கும்; ஃப்ரீதமிழ்இபுக்ஸில் எழுத்தைப் பெரிதாக்கக்கூடிய மின்னூல் வடிவமான இபப்பும் ஆறங்குலத் திரைக்கென்று அளவெடுத்த பிடிஎஃப்பும் உண்டு. இபப் கோப்பை யூஎஸ்பி வழியாகக் கிண்டிலில் போட்டால் பட்டியலிலேயே வராது, 'கோப்பு கெட்டுவிட்டது' என்று நினைத்துவிடுவீர்கள். அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்புங்கள், அல்லது காலிபர் என்ற இலவச மென்பொருளில் கிண்டிலுக்குப் புரியும் ஏஇசட்டபிள்யூ3 வடிவுக்கு மாற்றி யூஎஸ்பியில் போடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் 50 எம்பி வரை, இணையப் பக்கத்தில் 200 எம்பி வரை ஏற்கும்.

தமிழ் பிடிஎஃப்பை இபப்பாக மாற்றும்போதுதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முன்னால் வந்த பாமினி, டாம், டாப் போன்ற எழுத்துருக்களில் செய்த கோப்பு, பார்க்கத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்த பிறகும் பழைய எழுத்துருவில் கோப்பு வருவது நிற்கவில்லை. எளிய சோதனை: பிடிஎஃப்பில் ஒரு வரியைத் தேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் மாற்றலாம். கிறுக்கலாக வந்தால், அல்லது வரியைத் தேர்வே செய்ய முடியாத ஸ்கேன் பக்கம் என்றால், மாற்றி லாபமில்லை. அதற்குக் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அது எழுத்தைப் படிக்காது. பக்கத்தின் படத்தையே வரிவரியாக, சொல்சொல்லாக வெட்டி, சிறிய திரைக்கு ஏற்ற அகலத்தில் மறுபடி அடுக்கும். எந்த எழுத்துருவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஏழங்குல பேப்பர்வைட்டுக்கு அகலம் 1264, உயரம் 1680 என்று கொடுங்கள். தொடர் உரைநடைக்கு நன்றாக வரும். அட்டவணையும் படமும் துண்டு துண்டாகச் சிதறும், செய்யுளில் அடி உடையும். அவற்றை மகளின் டேப்பில் படிப்பதே மேல்.

புதிய பேப்பர்வைட் விலை பதினேழாயிரத்தை ஒட்டி இருப்பதால்தான் பழையது என்றேன். டேப்புக்கு முப்பதாயிரம் போனால் பத்தாயிரம் மிஞ்சும். பழையதை வாங்கும்போது முந்திய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கியிருக்கிறாரா என்று உங்கள் கண்முன்னே உங்கள் கணக்கில் பதிவுசெய்து பாருங்கள். தொலைந்ததென்று முடக்கிய கருவி என்றால் பதிவாகாது. இருட்டில் முன்விளக்கை முழுதாக வைத்து, அடியில் திட்டுத் திட்டாக நிழல் விழுகிறதா, புள்ளியாக வெளிச்சம் கசிகிறதா பாருங்கள். ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து 'கொ', 'பௌ', 'ஸ்ரீ' சரியாக வருகின்றனவா பாருங்கள். மிகப் பழைய கருவியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அதை அம்மா வாசிக்க முடியாது. வளைகுடாவிலிருந்து வருகிற உறவினர் வாங்கித் தருவதாகச் சொன்னால் கிண்டிலுக்குத் தயக்கம் வேண்டாம், எந்தக் கடையில் புத்தகம் வாங்கலாம் என்பதைக் கணக்கின் நாடுதான் முடிவுசெய்யும். இன்னொரு கம்பெனியின் இ-ரீடரான கோபோ கொண்டு வந்தால் 'fonts' என்ற பெயரைத் தமிழில் எழுதாமல் ஆங்கிலத்திலேயே வைத்து ஒரு கோப்புறை உண்டாக்கி அதில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். டேப்பை மட்டும் அங்கே வாங்க வேண்டாம். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்; திரை உடைந்தால் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ காசு கொடுத்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக நம் மாவட்டத்துக் காற்று. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோரத்தில் உப்பும், மற்ற இடங்களில் ஈரமும். ஆண்டுக்கு இரண்டு பருவமழை. சார்ஜ் துளையில் ஈரம் இருக்கும்போது சார்ஜர் செருகினால் மின்னோட்டத்தோடு சேர்ந்து முனைகள் பச்சை பிடிக்கும். முதலில் மெதுவாக ஏறும், பிறகு ஒரு பக்கமாகச் செருகினால்தான் ஏறும், பிறகு ஏறவே ஏறாது. மழையில் நனைந்து வந்த பையிலிருந்து எடுத்தவுடன் சார்ஜ் போட வேண்டாம், காற்றோட்டமாகச் சில மணி நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தூள்தான் துளைக்குள் போகும். மழைக்காலத்தில் தோல் கவரில் பூசணம் பிடிக்கும்; ரப்பர், பிளாஸ்டிக் கவர் வாங்குங்கள். கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி கேட்டவுடன் சார்ஜரைச் சுவரிலிருந்தே பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டேப்பில் 80 விழுக்காட்டோடு சார்ஜ் நிறுத்தும் அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள், பேட்டரி கூடுதல் ஆண்டுகள் உழைக்கும்.

கிண்டில் திரைக்குள் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. மேலே கீறலே இல்லாமல் உள்ளே உடையும். உடைந்த இடத்தில் பாதி எழுத்து உறைந்துபோய் நிற்கும். அதை மாற்றும் செலவு பழைய கருவியின் விலையை எட்டிவிடும். அதனால் கெட்டியான அட்டைக் கவர் கட்டாயம், படுக்கையில் தலையணைக்கு அடியில் வைப்பதும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஒரே பையில் போடுவதும் கூடாது. புத்தகங்களை ஏற்றியபின் விமானப் பயன்முறையில் போட்டு அம்மா கையில் கொடுங்கள். எழுத்தளவு, விளக்கு, பக்கம் புரட்டுதல் மூன்றையும் காட்டிக் கொடுத்தால் போதும்.